கேம் கிராபிக்ஸ் செட்டிங்ஸ்: எதை ஏற்றலாம், எதை இறக்கலாம்

கொழும்பு பஸ்ஸில் கிராபிக்ஸ் கார்ட் வந்து சேர்ந்து, கேஸுக்குள் ஏறி, டிரைவரும் போட்டாயிற்று. அடுத்து எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கேமைத் திறந்து, கிராபிக்ஸ் பக்கத்துக்குப் போய், எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைப்பது. முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் ஓடும். பிறகு, கச்சான் என்ற சூடான, வரண்ட காற்று வீசும் பகலென்றால், ஃபேன் இரையத் தொடங்கும், அறை சூடேறும், நாலு பேரோடு சண்டை வந்ததும் படம் திக்கும்.

அல்ட்ரா என்பது உங்கள் கார்டைப் பார்த்து வைத்த அளவு அல்ல. இனி வரப்போகும் கார்டுகளுக்காகவே அந்தக் கடைசிப் படியை வைக்கும் நிறுவனங்கள் உண்டு. 2007இல் வந்த கிரைசிஸின் உச்ச செட்டிங்கை அந்த வருடத்துக் கார்ட் எதுவும் ஒழுங்காக ஓட்டவில்லை. எனவே கேள்வி, அல்ட்ரா நல்லதா கெட்டதா என்பதல்ல. இருபது செட்டிங்குகளில் எது கொடுத்த விலைக்குக் கண்ணில் தெரிகிறது, எது தெரியாமலே எஃப்பிஎஸ்ஸை (செக்கனுக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், என்ற கணக்கு) விழுங்குகிறது என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதும்.

செட்டிங்ஸைத் தொட முன்

மொனிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று கேஸின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் அது மதர்போர்டின் எச்டிஎம்ஐ. அப்படியென்றால் புதுக் கார்ட் சும்மா கிடக்க, சிபியூவுக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. கீழே கிடையாக இருக்கும் கார்டின் எச்டிஎம்ஐக்கோ டிஸ்பிளே போர்ட்டுக்கோ மாற்றுங்கள். சிரிப்பு வரும், ஆனால் "கார்ட் பழுது" என்று கடைக்குத் திரும்பிப் போகும் கேஸ்களில் இதுவும் ஒன்று.

அடுத்தது ரிஃப்ரெஷ் ரேட். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரை வாங்கி வைத்து, விண்டோஸில் 60இலேயே விட்டிருப்பவர்கள் நிறைய. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போனால் அங்கே மாற்றலாம்.

பிறகு ரேம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போய், மெமரியைத் தொடுங்கள். எத்தனை ஸ்லொட் பாவனையில் இருக்கிறது என்று அங்கே இருக்கும். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால், அதை இரண்டு 8 ஜிபி குச்சிகளாக்குவது நல்லது. தனிக் கார்ட் இல்லாமல் ரைசன் 5600ஜி போன்ற சிபியூவின் கிராபிக்ஸில் விளையாடுபவர்களுக்கு இது கட்டாயம். அந்த கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டாவது குச்சி போட்டதும் எஃப்பிஎஸ் 20, 30 சதவீதம் ஏறுவது சாதாரணம். எந்த செட்டிங்கை இறக்கினாலும் படம் கெடாமல் இவ்வளவு கிடைக்காது. போட்ட கையோடு பயோஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஒன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 ரேமும் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும்.

லப்டொப் என்றால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பற்றரியில் ஓடும்போது கார்டுக்குப் போகும் வொட் பல மடங்கு குறைந்துவிடும். அந்த நேரத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

அளப்பது எப்படி

எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னரையும் அதோடு வரும் ரிவாடியூனரையும் போடுங்கள், எந்தக் கம்பனிக் கார்டிலும் வேலை செய்யும், இலவசம். திரையில் ஐந்து விஷயம் தெரிந்தால் போதும்: எஃப்பிஎஸ், ஃபிரேம் டைம், கார்டின் பாவனைச் சதவீதம், கார்ட் மெமரி, கார்டின் வெப்பநிலை. ஒன்றும் போட விருப்பமில்லாதவர்கள் விண்டோஸ் பட்டனோடு ஜி-யை அழுத்தினால் வரும் கேம் பாரில் சிலதைப் பார்க்கலாம்.

எஃப்பிஎஸ்ஸை விட ஃபிரேம் டைமைப் பார்க்கப் பழகுங்கள். ஒரு ஃபிரேமை வரைய எத்தனை மில்லிசெக்கன் போகிறது என்பதுதான் அது. 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன் இருக்கிறது. 144 வேண்டுமென்றால் 6.9தான். இதை மாதச் சம்பளம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். நிழலுக்கு இவ்வளவு, மூட்டத்துக்கு இவ்வளவு என்று இதற்குள்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

எஃப்பிஎஸ் கணக்கு ஏன் ஏமாற்றும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு செட்டிங்கை ஏற்றியதும் 90 எஃப்பிஎஸ் 75 ஆகிறது. இன்னொருவரின் மெஷினில் வேறொரு செட்டிங் 45ஐ 41 ஆக்குகிறது. ஒருவருக்கு 15 போயிற்று, மற்றவருக்கு 4தான் போயிற்று என்று தோன்றும். 11.1 மில்லிசெக்கன் 13.3 ஆவதும், 22.2 மில்லிசெக்கன் 24.4 ஆவதும் ஒன்றேதான். இரண்டுமே சுமார் 2.2 மில்லிசெக்கன் செலவு. "எனக்கு 15 எஃப்பிஎஸ் போயிற்று" என்று யாராவது சொன்னால், எத்தனையிலிருந்து என்று கேளுங்கள்.

சோதனை இப்படி. முதலில் 15, 20 நிமிடம் விளையாடி கார்டைச் சூடாக்குங்கள், குளிர்ந்த கார்டில் வரும் எண்ணிக்கை பிறகு நிலைக்காது. செடிகொடி, தண்ணீர், தூரத்துக் கட்டடம், வெயில் நிழல் எல்லாம் ஒரே பார்வையில் விழும் இடத்தில் போய் நில்லுங்கள். சேவ் செய்யுங்கள். வி-சிங்க்கையும் (ஃபிரேம்களைத் திரையின் வேகத்துக்குக் கட்டிப்போடும் செட்டிங்) எஃப்பிஎஸ் எல்லையையும் ஓஃப் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஹையில் வைத்து ஃபிரேம் டைமைக் குறித்துவிட்டு, ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, அதே இடத்தில் நின்று திரும்பக் குறியுங்கள். இரண்டு நிலைக்கும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். எது அல்ட்ரா என்று உங்களுக்கே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தால் அந்த செட்டிங்கை இறக்கிவிடலாம். சில செட்டிங்குகள் கேமை மூடித் திறந்தால்தான் மாறும், அதைக் கவனிக்காமல் "வித்தியாசமே இல்லை" என்று எழுதி வைத்துவிடாதீர்கள்.

சராசரி 70 என்று காட்டியும் விளையாடும்போது திக்கினால், ஆஃப்டர்பேர்னரில் ஒரு சதவீத லோவையும் காட்டச் சொல்லுங்கள். மிக மெதுவான ஃபிரேம்கள் எந்த வேகத்தில் வருகின்றன என்பது அதில் தெரியும். சராசரி 70, லோ 25 என்றால் கைக்கு 25தான் தெரியும்.

கார்டா, சிபியூவா

விளையாடும்போது கார்டின் பாவனை 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்ட்தான் எல்லை. 60, 70 சதவீதத்தில் நின்றும் எஃப்பிஎஸ் போதாமல் இருந்தால் சிபியூ பின்தங்குகிறது. உறுதி செய்ய, ரெசலூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் அசையவில்லையா? அப்படியென்றால் மூட்டம், ஆம்பியன்ட் ஒக்ளூஷன் (மூலை முடுக்குகளில் விழும் மெல்லிய நிழல்), அன்டி-எலியாசிங் (படிபடியாகத் தெரியும் ஓரங்களை மென்மையாக்குவது) எதை இறக்கினாலும் பயனில்லை. சிபியூவைத் தின்பவை வேறு: டிரோ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரை பொருட்களை வரைவது), தெருவில் நடக்கும் ஆட்களின் எண்ணிக்கை, ஃபிசிக்ஸ், நிழல், ரே டிரேசிங். அவற்றில் கை வையுங்கள்.

கார்டே எல்லையென்றால் ரெசலூஷன்தான் எல்லாவற்றிலும் பெரிய நெம்புகோல். 1440பி திரையில் 1080பியைப் போல 1.78 மடங்கு புள்ளிகள், 4கேயில் சரியாக நான்கு மடங்கு. கேமுக்குள் ரெசலூஷன் ஸ்கேல் இருந்து அதை 85 சதவீதமாக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 72 சதவீதமாகக் குறையும். எழுத்துகளும் மேப்பும் முழு ரெசலூஷனிலேயே நிற்கும்.

டெக்ஸ்சர்: மெமரி இருந்தால் ஏற்றுங்கள்

டெக்ஸ்சர் என்பது சுவர், தரை, ஆடை போன்றவற்றின் மேல் ஒட்டப்படும் படம். டெக்ஸ்சர் குவாலிட்டி மற்ற செட்டிங்குகளைப் போல அல்ல. கார்டின் மெமரிக்குள் அடங்கும் வரை எஃப்பிஎஸ்ஸில் ஏறக்குறைய எந்த இழப்பும் இல்லை. அடங்காமல் போன கணம் முதல் எல்லாம் நாசம். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்ட் தன் சொந்த மெமரியிலிருந்து செக்கனுக்கு 360 ஜிபி வரை வாசிக்கும். மெமரி நிரம்பி மிச்சத்தை ரேமிலிருந்து இழுக்க வேண்டி வந்தால், பழைய பிசிஐ 3.0 மதர்போர்டில் அந்தப் பாதை செக்கனுக்கு 16 ஜிபிக்கும் கொஞ்சம் குறைவு. திரும்பும்போதெல்லாம் அரைச் செக்கன் படம் நிற்பதும், சுவரெல்லாம் சேறு பூசியதுபோல் மங்கலாகி மெதுவாகத் தெளிவதும் இதன் அடையாளம்.

ஒரு படி ஏற்றினால் எவ்வளவு கூடும்? 2048 புள்ளிப் பக்கமுள்ள ஒரு டெக்ஸ்சர், வழக்கமான பிசி7 சுருக்கத்தில் 4 எம்பி. 4096 ஆனால் 16 எம்பி. பக்கம் இரண்டு மடங்கு, இடம் நான்கு மடங்கு. தூரத்துக்கான சிறிய பிரதிகளும் சேர இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். சில கேம்களில் இந்த செட்டிங் டெக்ஸ்சரின் அளவையே மாற்றாது, கையிருப்பில் எவ்வளவு வைத்திருப்பது என்பதை மட்டும் மாற்றும். அங்கே ஹைக்கும் அல்ட்ராவுக்கும் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 என்றால் புதிய கேம்களில் மீடியத்தில் தொடங்குங்கள். ஆர்எக்ஸ் 580, ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 8 ஜிபி கார்டுகளில் 1080பிக்கு ஹை பெரும்பாலும் சரி. 12 ஜிபி இருந்தால் தயங்காமல் மேலே போங்கள். எப்போதும் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை விண்டோஸுக்கும் பின்னால் திறந்திருக்கும் குரோமுக்கும் மிச்சம் விடுங்கள். குரோமில் முப்பது டேப்பைத் திறந்து வைத்துவிட்டு கேமைத் திட்டுவதில் நியாயமில்லை.

சாய்வாகத் தெரியும் தரையையும் வீதியையும் தூரத்தில் மங்காமல் காட்டும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் தனிக் கார்ட் இருந்தால் 16எக்ஸ். இதைப்பற்றி யோசிக்கவே தேவையில்லை.

நிழல், மூட்டம், மற்றவை

கேமில் நிழல் வரைவதற்கு, சூரியன் நிற்கும் இடத்திலிருந்து அந்தக் காட்சியைத் திரும்ப ஒருமுறை வரைய வேண்டும். கிட்ட, நடு, தூரம் என்று பிரித்து மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு படிக்கும் நிழல் மேப் 1024, 2048, 4096 என்று ஏறும், அதாவது நான்கு நான்கு மடங்காக. கார்டும் சிபியூவும் இரண்டுமே உழைப்பதால்தான் நிழல் எங்கும் விலை கூடியது. லோவில் நிழலின் ஓரம் அரத்தின் பல்போலத் தெரியும், நடக்கும்போது துடிக்கும், புல்லுக்கு நிழலே இருக்காது. மீடியத்திலிருந்து ஹைக்குப் போவதில் நல்ல மாற்றம் தெரியும். ஹையிலிருந்து அல்ட்ராவுக்குப் போனால், ஒரு மரத்தடியில் குனிந்து நின்று இலை நிழலின் ஓரத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஹையில் நிறுத்துங்கள், அது கஷ்டமென்றால் மீடியம். ஒன்லைன் சுடும் கேம்களில் மூலைக்குப் பின்னால் நிற்பவனின் நிழல் தெரிவது ஒரு லாபம் என்பதால், நிழலை முற்றாக ஓஃப் செய்யும் முன் அந்தக் கேமில் அது எந்தப் படியில் மறைகிறது என்று பாருங்கள்.

வொல்யூமெட்ரிக் என்று தொடங்கும் மூட்டம், ஒளிக்கதிர், மேகம் ஆகியவைதான் இறக்குவதற்கு மிக வசதியானவை. மூட்டம் இயல்பிலேயே ஓரமில்லாத, மங்கலான பொருள். அதைக் குறைந்த நுணுக்கத்தில் வரைந்தாலும் கண் கண்டுபிடிக்காது. மீடியம் போதும், மில்லிசெக்கனில் நல்ல மிச்சம்.

ரிஃப்ளெக்ஷன், ரே டிரேசிங் இல்லாத வழக்கமான வகை, திரையில் ஏற்கெனவே இருப்பதை மட்டும்தான் பிரதிபலிக்கும். குனிந்து தண்ணீரைப் பார்த்தால் மேலே இருந்த மலை திரைக்கு வெளியே போகும், தண்ணீரிலிருந்தும் மறைந்துவிடும். அல்ட்ரா வைத்தாலும் இந்தக் குறை போகாது, எனவே மீடியமோ ஹையோ போதும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இன் வோட்டர் ஃபிசிக்ஸ் போல ஒரு கேமுக்கே உரிய பெருந்தீனி செட்டிங்குகளும் உண்டு. ஆற்றங்கரையில் மட்டும் எஃப்பிஎஸ் விழுந்தால் அதைத் தேடுங்கள்.

ஆம்பியன்ட் ஒக்ளூஷன் ஓஃபில் மேசை கதிரையெல்லாம் தரையில் படாமல் மிதப்பதுபோல் தெரியும், நடுப்படியில் ஒன் செய்து விடுங்கள். அன்டி-எலியாசிங்கில் எம்எஸ்ஏஏ என்ற வகை 4எக்ஸ், 8எக்ஸ் என்று இருந்தால் அதைத் தெரிவு செய்யாதீர்கள், செலவு அதிகம். டிஏஏ என்ற வகை மலிவு, கொஞ்சம் மங்கல். மோஷன் பிளர் (அசைவில் மங்கல்), ஃபிலிம் கிரெயின் (படச்சுருள் போன்ற புள்ளிகள்), குரோமட்டிக் அபரேஷன் (ஓரங்களில் நிறம் பிரிவது) ஆகியவை செலவுக் கணக்கில் பெரிதாக வராது. ஆனால் மூன்றும் படத்தைக் கெடுப்பதற்காகவே உள்ளவை என்பது எங்கள் கட்சி.

ரே டிரேசிங்

ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று உண்மையாகவே பின்தொடர்ந்து கணக்குப் போடும் முறை இது. வீட்டுக் கார்டுகளில் இதற்கென்று தனிப் பகுதி வந்தது 2018இல், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு. ஏஎம்டிக்கு 2020இல், ஆர்எக்ஸ் 6000 வரிசையில். ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 580 போன்றவற்றில் அந்தப் பகுதி இல்லை. பாவித்த கார்ட் வாங்கும்போது ஜிடிஎக்ஸா ஆர்டிஎக்ஸா என்று எழுத்துக்கூட்டி வாசியுங்கள். இன்டியானா ஜோன்ஸ் அன்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் அந்தப் பகுதி இல்லாத கார்டில் விளையாட இடம் தருவதில்லை.

ரே டிரேசிங் ஒரே பொருளல்ல. நிழலுக்கு மட்டும், பிரதிபலிப்புக்கு மட்டும், அறை முழுவதும் பரவும் வெளிச்சத்துக்கு என்று வகைகள் உண்டு. நிழல் வகைதான் செலவுக்கு மிகக் குறைவாகத் தெரிவது, முதலில் அதை ஓஃப் செய்யுங்கள். பிரதிபலிப்பு, கண்ணாடியும் ஈர வீதியும் நிறைந்த சைபர்பங்க் 2077 போன்ற நகரத்தில் எடுபடும், காட்டில் நடக்கும் கேமில் வீண். குளோபல் இலூமினேஷன் எனப்படும் பரவும் வெளிச்சம்தான் படத்தின் முகத்தையே மாற்றுவது: ஜன்னலால் வரும் வெயில் சிவப்புச் சுவரில் பட்டு கூரைக்கும் சிவப்பேற்றுவது இதனால்தான். விலையும் அதற்கேற்றபடி. சைபர்பங்கில் 2023இல் வந்த பாத் டிரேசிங் இன்னும் ஒரு படி மேலே, 3060 வர்க்கக் கார்டில் அதை ஸ்கிரீன்ஷொட் எடுக்க ஒன் செய்து பார்த்துவிட்டு மூடலாம்.

ரே டிரேசிங் சிபியூவையும் கார்ட் மெமரியையும் கூடவே தின்னும். 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சர் ஹையில் ஒழுங்காக ஓடியது, ரே டிரேசிங் ஒன் செய்ததும் திக்கினால், காரணம் பெரும்பாலும் மெமரி நிரம்பியதுதான். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

எங்கள் தீர்ப்பு: ஆர்டிஎக்ஸ் 3050, 3060, ஆர்எக்ஸ் 6600 வைத்திருப்பவர் ரே டிரேசிங்கை ஓஃபில் வைத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை நிழலுக்கும் டெக்ஸ்சருக்கும் கொடுப்பது லாபம். கதையை ஆறுதலாக விளையாடும் கேம், 40 எஃப்பிஎஸ் போதும் என்றால் மட்டும் பரவும் வெளிச்சத்தை முயன்று பாருங்கள்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர்

குறைந்த ரெசலூஷனில் வரைந்து, பெரிதாக்கிக் காட்டும் வித்தை. டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். எஃப்எஸ்ஆர் 2, 3 பழைய கார்டுகளிலும் ஓடும். குவாலிட்டி நிலையில் பக்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, பெர்ஃபோமன்ஸ் நிலையில் பாதி.

1080பி திரையில் குவாலிட்டி வைத்தால் உள்ளே வரைவது 1280×720. டிஎல்எஸ்எஸ் இதைச் சமாளிக்கும். எஃப்எஸ்ஆர் 2இல் கம்பிவலை, தலைமயிர், தூரத்து இலை எல்லாம் மினுங்கும். 1080பியில் பெர்ஃபோமன்ஸ் நிலைக்குப் போக வேண்டாம், அதற்குப் பதில் நிழலை இறக்குங்கள். 1440பி, 4கே திரைகளில் குவாலிட்டியைத் தயங்காமல் போடலாம்.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு சாமான். இரண்டு உண்மையான ஃபிரேமுக்கு நடுவே ஒரு கற்பனை ஃபிரேமைச் செருகும். அதற்காக அடுத்த ஃபிரேமைக் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும், மவுஸ் சற்றுத் தாமதமாகப் பதில் சொல்லும். ஏற்கெனவே 60 வருபவருக்கு நல்லது. 30 வருபவருக்கு எண்ணிக்கை 60 ஆகும், கைக்கு 30ஐ விட மோசமாக இருக்கும்.

வெப்பம், கரண்ட், உப்புக்காற்று

அறை ஒரு பாகை கூடினால் கார்டும் ஏறக்குறைய ஒரு பாகை கூடும். கொழும்பில் ஏசி அறையில் எடுத்த யூடியூப் சோதனை, கச்சான் மாதத்தில் திருகோணமலை உவர்மலை வீட்டு மாடி அறைக்குப் பொருந்தாது. என்விடியாவின் பல கார்டுகள் 83 பாகை செல்சியஸை ஒட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். இங்கே அல்ட்ராவுக்கு இரட்டை விலை: முதலில் மில்லிசெக்கன், பிறகு சூட்டில் இழக்கும் வேகம்.

எஃப்பிஎஸ்ஸுக்கு எல்லை போடுங்கள். கேமுக்குள் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் ரிவாடியூனரில். 60 ஹேர்ட்ஸ் திரைக்கு 60. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் (திரையின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வசதி) உள்ள 144 திரைக்கு 141. பல கேம்கள் மெனுவில் நிற்கும்போதுகூட நூற்றுக்கணக்கான ஃபிரேம்களை வீணாக வரைகின்றன, கேமைத் திறந்ததும் ஃபேன் இரைவது அதனால்தான். டெஸ்க்டொப் கார்ட் என்றால் ஆஃப்டர்பேர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ்ஸில் சிறிய இழப்புத்தான், சூட்டில் நல்ல குறைவு.

முழு மெஷினும் 300 வொட் இழுத்து தினம் 4 மணித்தியாலம் ஓடினால் 1.2 அலகு, 30 நாளில் 36 அலகு. எல்லை போட்டு 200 வொட்டுக்கு வந்தால் 24. அலகு கூடக்கூட விலைப்படியும் ஏறும் நம் மின்கட்டணத்தில் அந்த 12 அலகு வீட்டில் பேச்சு வாங்கித் தரக்கூடியது. யுபிஎஸ்ஸும் இதில் சேர்த்தி: 650 விஏ என்று விற்பவற்றில் பல 360 வொட் அளவுக்குத்தான் தாங்கும். அல்ட்ராவில் மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து அதை எட்டினால், கரண்ட் போன அதே கணம் யுபிஎஸ்ஸும் கத்திவிட்டு அணைந்துவிடும்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் கேஸைக் கடல்பக்க ஜன்னலடியில் வைக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாவித்த கார்ட் வாங்கினால் பின்தகட்டின் திருகாணிகளைப் பாருங்கள், துரு ஏறியிருந்தால் உள்ளே ஹீட் சிங்க்கின் நிலைமையும் அப்படித்தான் இருக்கும்.

தொடங்க ஒரு அளவு

1080பி, 8 ஜிபி கார்ட், 60 எஃப்பிஎஸ் இலக்கு என்றால்: டெக்ஸ்சர் ஹை, அனிசோட்ரோபிக் 16எக்ஸ், நிழல் ஹை, வொல்யூமெட்ரிக் மீடியம், ஆம்பியன்ட் ஒக்ளூஷன் நடுப்படி, ரிஃப்ளெக்ஷன் மீடியம், ரே டிரேசிங் ஓஃப், எல்லை 60. எல்லையைத் தற்காலிகமாக ஓஃப் செய்து அளக்கும்போது, கனமான காட்சியில் ஃபிரேம் டைம் 14 மில்லிசெக்கனுக்குள் நின்றால் கொஞ்சம் இடமிருக்கிறது, விரும்பியதை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 17ஐத் தாண்டினால் முதலில் வொல்யூமெட்ரிக், பிறகு நிழல், கடைசியில்தான் ரெசலூஷன் ஸ்கேல். 4 ஜிபி கார்டுக்கு இதிலிருந்து டெக்ஸ்சரையும் நிழலையும் ஒரு படி இறக்குங்கள். தனிக் கார்ட் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் லோவில் வைத்து, ஸ்கேலை 75க்கு இறக்கி, அங்கிருந்து டெக்ஸ்சரை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

புதுக் கேமின் முதல் அரை மணித்தியாலத்தில் வரும் திக்கலை வைத்து எதையும் இறக்க வேண்டாம். ஷேடர், அதாவது ஒளி, நிறம் எல்லாவற்றையும் எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன புரோகிராம்கள், தயாராகும் நேரம் அது. "கம்பைலிங் ஷேடர்ஸ்" என்று ஓடும் கோட்டை முடிய விடுங்கள், இடையில் தாண்டினால் அந்த வேலை விளையாட்டின் நடுவே நடக்கும். டிரைவரை அப்டேட் செய்தால் அது திரும்பவும் முதலிலிருந்து ஓடும். பெரிய பேட்ச் வந்தபின் சில கேம்கள் செட்டிங்ஸைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிவிடும், ஆகவே கடைசியாகச் சரிவந்த கிராபிக்ஸ் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.